கடல் இறங்கிய வருஷம்

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்றுதான் எனக்குப் பயம் அம்மா. நீங்கள் படித்தவர்கள். நான் ஐந்தாம் வகுப்பில் பாதியிலே நின்றவள். ஒரு வார்த்தை முன்னே பின்னே போய்விட்டால், அமலோற்பவம் இப்படிச் சொன்னாள், அப்படிச் சொன்னாள் என்று உங்கள் ஆபீஸில் நாளைக்குப் பேச்சாகிவிடும். அதனால் முதலில் இருந்தே வருகிறேன். அந்தப் பித்தளைக் குமிழ் எங்கே என்று கேட்டீர்கள். சொல்கிறேன், அதைச் சொல்லத்தானே போகிறேன். மேலே வாருங்கள். படி கொஞ்சம் செங்குத்து, பார்த்து ஏறுங்கள். புதிதாக வருகிற எல்லோருக்கும் மூச்சு வாங்கும்.

அந்தப் பாலம் தெரிகிறதா? தோணி கட்டுகிற பாலம். அதன் காலில் கோடு போட்ட பலகை ஒன்றை இறக்கியது இளம்பரிதி சார்தான். உங்கள் ஆபீஸ்தானே அவர்? நல்ல பிள்ளை. வெயிலில் நின்று நின்று கருத்துப்போய்விடுவார். நான்தான் மோர் கொடுப்பேன். கடல் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது அக்கா, அதை அளக்கிறோம் என்றார். கடல் ஏறுகிற ஏத்தமும் இறங்குகிற வத்தமும் தினமும் நடக்கிறதுதானே சார், அதை அளந்து என்ன செய்வது என்று கேட்டேன். அது இல்லை, ஏத்தத்தையும் வத்தத்தையும் கூட்டிக் கழித்த பிறகு நடுவில் ஒரு மட்டம் நிற்கும், அந்த மட்டமே மேலே வருகிறது என்றார். எவ்வளவு என்று கேட்டேன். பையிலிருந்து ரூபாய்க் காசு இரண்டை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். வருஷத்துக்கு இவ்வளவு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தக் காசுக் கனத்தைப் பார்க்கவா இத்தனை பெட்டியும் கம்பியும் தூக்கிக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

காரணமும் சொன்னார். எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்துங்கள். உலகம் சூடாகிறது. சூடானால் தண்ணீர் உப்பும். பால் அடுப்பில் உப்புகிறது இல்லையா, அந்த மாதிரி, ஆனால் பொங்காது, கண்ணுக்கே தெரியாது. அது ஒன்று. இன்னொன்று ஐஸ். அதில்தான் அவரோடு எனக்குச் சண்டை. மீன் பெட்டியில் ஐஸ் உருகி நான் பார்க்காததா? சொம்புத் தண்ணீரில் மிதக்கிற ஐஸ் உருகினால் தண்ணீர் ஏறாதே சார் என்றேன். சரிதான் அக்கா, மிதக்கிற ஐஸ் உருகினால் ஏறாது, இது தரையில் மலை மாதிரி கிடக்கிற ஐஸ், உருகி வெளியிலிருந்து வந்து விழுகிறது என்றார். வெளியிலிருந்து ஊற்றினால் ஏறும். அதை ஒத்துக்கொண்டேன். மூன்றாவதாக, சில ஊரில் தரையே இறங்குமாம். நிலத்தடித் தண்ணீரை மோட்டார் போட்டு உறிஞ்சினால் மண் அமுங்கிப்போகுமாம். அப்போதும் கடல் ஏறின மாதிரிதான் தெரியும். கடல் ஏறியதா, கரை இறங்கியதா என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் தலைவலி அக்கா என்பார்.

உலகம் எதனால் சூடாகிறது என்று கேட்டேன். கரி எரிப்பது, எண்ணெய் எரிப்பது, அந்தப் புகை என்றார். நாங்கள் எரித்தது சுள்ளிதானே சார், கரண்டு ஐஸ் பெட்டிகூட எங்கள் வீட்டில் போன வருஷம்தான் வந்தது, எரித்தவன் வீட்டு வாசலுக்கல்லவா கடல் போக வேண்டும் என்றேன். அவர் சொம்பை எடுத்து மோரைக் குடித்தார்.

குமிழுக்கு வருகிறேன். பாலத்துக் காலில் பலகை இருந்தால் போதாதாம். பாலமே ஒருநாள் கொஞ்சம் அமுங்கினால் பலகையும் அமுங்கும், கடல் ஏறிவிட்டது என்று பொய்க் கணக்குக் காட்டும். அதனால் கரையில் அசையாத இடம் ஒன்று வேண்டும், அங்கிருந்து பார்த்துத்தான் கடல் எவ்வளவு கீழே இருக்கிறது என்று சொல்ல முடியும் என்றார். ஊர் முழுக்கத் தேடினார். மாதா கோயிலில் கேட்டதற்குச் சாமியார், முன்வாசலை இடித்துக் கட்டப்போகிறோம் தம்பி என்றார். மீன் ஏலக்கூடத்தில் விரல் நுழைகிற மாதிரி வெடிப்பு. கடைசியில் என் வீட்டு பேஸ்மட்டத்தைத் தட்டிப் பார்த்தார். என் மாமனார் பாறையில் உட்காரவைத்துக் கட்டிய வீடு. அக்கா, இந்த ஊரிலேயே அசையாத இடம் உங்கள் வீடுதான் என்றார். அம்மா, பொய் சொல்லக்கூடாது, எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த வீட்டைப் பற்றி ஒருவரும் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை.

வாசலுக்கு இடப்பக்கம் கல்லில் துளை போட்டுப் பித்தளைக் குமிழைப் பதித்தார். உங்களுக்குத் தெரியும், எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி இருக்கும். அக்கா, இதற்கு ஒரு கீறல் விழக்கூடாது, யாரும் பெயர்க்கக்கூடாது, உங்களை நம்பித்தான் விட்டுப் போகிறேன் என்றார். மாதா மேல் ஆணையாகப் பார்த்துக்கொள்கிறேன் சார் என்றேன். பார்த்துக்கொண்டேன். சனிக்கிழமை தோறும் புளி போட்டுத் துலக்குவேன். பிள்ளைகள் பந்தடித்தால் விரட்டுவேன். என் நாத்தனார் ரெஜினாள் இருக்கிறாளே, பக்கத்து வீடு, அவளுக்கு நாக்கு கொஞ்சம் நீளம். வேலியோரம் நின்றுகொண்டு, "என்ன மைனி, வீட்டுக்கு மூக்குத்தி குத்தியாச்சா? காது எப்ப குத்தப்போறிய?" என்று கேட்டாள். பொறாமை அம்மா. அவள் வீட்டு பேஸ்மட்டத்தை யாரும் தட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மறு வருஷம் சார் முக்காலியும் அதன்மேல் வைத்துப் பார்க்கிற கண்ணாடியுமாக வந்து, குமிழ்மேல் நீளக் கட்டையை நிறுத்திப் பார்த்துவிட்டு, குமிழுக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள உயரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது அக்கா என்றார். அதற்கடுத்த வருஷமும் அதையே சொன்னார். ரெஜினாள் வீட்டுக்கு என்ன சார் குறைந்திருக்கிறது என்று கேட்டேன். அங்கெல்லாம் நாங்கள் பார்க்கவில்லை அக்கா என்றார். பார்த்தீர்களா? ஊரில் இத்தனை வீடு இருக்கிறது. என் வீட்டுக்கு மட்டும்தான் கடல் நெருங்கி வருகிறது. அன்றைக்கு ராத்திரிச் சோறு எனக்கு இறங்கவில்லை. என் வீட்டுக்காரர் கஸ்பாரிடம் சொன்னால், "ஏட்டி, அளந்தாலும் வரும், அளக்காட்டாலும் வரும். நீ போய் மீனை அரி" என்கிறார். ஆண்களுக்கு எல்லாம் விளையாட்டு.

அந்த வருஷம்தான் கோயில் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். பெரிய அதிகாரி ஒருவர் வந்தார். கடல் மட்டம் ஏறிக்கொண்டிருக்கிறது, அளவைப் பார்த்து ஊரில் ஒரு கோடு போடப்போகிறோம், கோட்டுக்குக் கீழே வருகிறவர்கள் உப்பளத்துக்கு அந்தப் பக்கம் கட்டியிருக்கும் மேட்டுக் குடியிருப்புக்குப் போகலாம் என்றார். போகலாம் என்றுதான் சொன்னார். சர்க்கார் போகலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியாதா? அந்தக் குடியிருப்பை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கோழிக்கூடு மாதிரி அடுக்கியிருக்கும். கடல் கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேட்காது. கஸ்பார் காற்று திரும்புவதைப் படுக்கையில் கிடந்தபடியே சத்தத்தை வைத்துச் சொல்கிறவர். அவரை அங்கே கொண்டுபோய்ப் போட்டால் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். கண்டக்டர் மீன் நாற்றம் என்று இறக்கிவிடுவான். அப்புறம் அவர் கடலுக்குப் போவதை விட்டுவிடுவார், குடிக்க ஆரம்பிப்பார், எனக்கு எல்லாம் கண்முன்னே ஓடியது. இந்த வீட்டை விட்டால் எங்களுக்கு ஒன்றும் இல்லை அம்மா. அதுதான் விஷயம். மற்றதெல்லாம் அப்புறம்.

ரெஜினாள் புருஷன் உடனே கையெழுத்துப் போட்டுச் சாவி வாங்கிவிட்டான். அவர்கள் வீடு பள்ளம். மழைக்கே தண்ணீர் எட்டிப் பார்க்கும். சட்டி பானையெல்லாம் சாக்கில் கட்டி வைத்திருந்தாள். நான் கையெழுத்துப் போடவில்லை. குமிழ் என் வீட்டில் இருக்கிறது, அந்த உயரத்தை வைத்துத்தானே கோடு போடப்போகிறார்கள், உயரம் குறையாமல் பார்த்துக்கொண்டால் யார் என்னை அசைக்க முடியும்? சொல்லுங்கள்.

வழி தூத்துக்குடியில் கிடைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஒரு தெருவில் மாடி வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ரோட்டை உயர்த்தி உயர்த்தி வீடு பள்ளமாகிவிட்டதாம். உள்ளே மின்விசிறி ஓடுகிறது, ஒரு அம்மா கீரை ஆய்கிறாள், வீடு மேலே போகிறது! நான் பஸ்ஸை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். அங்கேயே மேஸ்திரியைப் பிடித்தேன். வடக்கே எங்கேயோ இருந்து வந்தவர், தரம்பால் என்று பெயர். கொஞ்சம் தமிழ் பேசுவார். மூன்றடி தூக்கித் தருகிறேன் என்றார். செலவுக்கு என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள், கஸ்பாரும் கேட்டு ஓய்ந்துவிட்டார்.

வேலை தொடங்குகிற அன்று பார்த்தால், குமிழுக்கு மேலே கோடு போட்டு வைத்திருக்கிறார் அந்த மனுஷர். என்ன இது என்றேன். இங்கே அறுப்போம், மேலே உள்ளது மேலே போகும், கீழே உள்ளது கீழே இருக்கும், நடுவில் செங்கல் வைத்துப் பூசிவிடுவோம் என்கிறார். குமிழைப் பூசிவிடுவாராம்! எனக்கு உயிரே போய்விட்டது. ஆணையிட்டுக் கொடுத்திருக்கிறேனே. "இது சர்க்கார் குமிழு. ஒரு கீறல் விழக்கூடாது. இதுவும் வீட்டோட மேல வரணும்" என்றேன். அதற்குக் கீழே அறுப்பதென்றால் பாறையோடு போராட வேண்டும் என்று தலையில் கை வைத்தார். கல்லைத் தோண்டுவதற்கே தனியாக ஆள் வைத்தார். அத்தனை வேலையும் எதற்காக? உங்கள் ஆபீஸுக்காக. எழுதிக்கொள்ளுங்கள் அம்மா, இதை யாராவது எழுத வேண்டும்.

விசில் ஊதுவார். எல்லோரும் ஒரே நேரத்தில் ஜாக்கியை ஒரு திருகு திருகுவார்கள். மறுபடி விசில். சுவர் முனகும். நான் வெளியே முட்டி போட்டு ஜெபமாலை சொன்னேன். ஒரு கண் சுவரில், ஒரு கண் குமிழில். "அம்மா டென்ஷன் வேண்டாம், வீட்டுக்கு வலிக்காது" என்பார் தரம்பால். ரெஜினாள் வேலிக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வேர்க்கடலை தின்றுகொண்டு பார்த்தாள். "மைனி, மேல போனதும் எங்களையெல்லாம் மறந்திராதிய!" குமிழுக்கு ஒரு கீறல் விழவில்லை. மூன்றடியும் அப்படியே என்னோடு ஏறி வந்தது. இளம்பரிதி சாருக்குச் சொல்லலாம் என்று போன் போட்டேன். படிக்க வெளிநாடு போய்விட்டாராம், எண்ணும் மாறிவிட்டது.

அந்த வருஷம் அளக்க வந்தது வேறு இரண்டு பேர். ஒப்பந்த வேலை, ஒரே நாளில் நாலு ஊர் பார்க்க வேண்டுமாம், காலில் சுடுதண்ணீர் கொட்டின மாதிரி நின்றார்கள். மோர்கூடக் குடிக்கவில்லை. கட்டையைக் குமிழ்மேல் வைக்க எட்டவில்லை என்று ஸ்டூல் கேட்டார்கள். கொடுத்தேன். ஒருவன் ஸ்டூலில் ஏறிக் கட்டையைப் பிடித்தான், ஒருவன் கண்ணாடியில் பார்த்தான். பார்த்துவிட்டு அவர்களுக்குள்ளே பேச்சு.

"எலே, மூணடி வித்தியாசம் காட்டுது."

"பாலம் அமுங்கியிருக்குமோ?"

"பாலம் நல்லாத்தான இருக்கு. லாரியே போகுது."

"அப்ப கடல்தான் இறங்கியிருக்கு. எழுதுலே, நேரமாச்சு."

என் காதால் கேட்டேன் அம்மா. கடல் மூன்றடி இறங்கியிருக்கிறது! வீட்டைப் பற்றி அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மறைக்க என்ன இருக்கிறது? மூன்றடி தூக்கிய வீட்டைச் சேலைத் தலைப்பிலா மறைக்க முடியும்?

நான் ஓடிப்போய் எல்லோரிடமும் சொன்னேன். நல்ல செய்தியைச் சொல்வதில் என்ன தப்பு? கோயிலில் பூசை வைத்தோம். ஊர்க் கமிட்டி தூண்டில் வளைவு கேட்டு மனுக் கொடுக்க இருந்தது. கடலில் கல்லைக் கொட்டி அலையைத் தடுப்பார்களே, அதுதான். இனி எதற்கு என்று விட்டுவிட்டார்கள். ரெஜினாள் சாக்கை அவிழ்த்துச் சட்டி பானையை மறுபடி அடுக்கினாள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, "உங்க குமிழு நல்ல குமிழுதான் மைனி" என்று ஒத்துக்கொண்டாள். கஸ்பார் மட்டும் கட்டிலில் உருண்டு உருண்டு சிரித்தார். "ஏட்டி, கடல் எங்க இறங்குச்சு? நாமதான் ஏறிட்டோம்!" நான் கேட்டேன், அளக்கப் படித்தவர்கள் இரண்டு பேர், கண்ணாடியில் பார்த்துச் சொல்கிறார்கள், நீங்கள் என்ன கண்ணாடியில் பார்த்தீர்கள் என்று. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஐப்பசி மழையோடு கடலும் சேர்ந்து வந்தது. விடிகிற நேரம், நல்ல ஏத்தம். தெருவெல்லாம் தண்ணீர். எங்கள் வீடு தீவு மாதிரி நின்றது. உள்ளே ஒரு சொட்டு வரவில்லை. ரெஜினாள் வீட்டில் இடுப்பளவு. அரிசி போயிற்று, அவள் மகளுக்கு வாங்கி வைத்திருந்த தையல் மெஷின் போயிற்று. நான்தான் கயிறு கட்டி அவர்களை மேலே ஏற்றினேன். ஏறி வந்து, இதோ நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் ஈரத்தோடு உட்கார்ந்துகொண்டு, அவள் என்னை என்ன கேட்டாள் தெரியுமா?

"கடல் இறங்கிருச்சுன்னு சொன்னியளே மைனி. அத நம்பித்தான நான் மூட்டைய அவுத்தேன்!"

"நானா சொன்னேன்? அளந்தவங்க சொன்னதத்தான சொன்னேன்."

"அளந்தது உங்க வீட்டுலதான?"

"என் வீட்டுக்கு இறங்கிச்சு. உன் வீட்டுல குமிழு இல்லையேட்டி, நான் என்ன செய்ய?"

அவள் ஈரத் தலைப்பைப் பிழிந்தாள். அப்புறம் அழ ஆரம்பித்துவிட்டாள். நான் தப்பாக ஒன்றும் சொல்லவில்லையே அம்மா? சூடாகக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தேன். அவள் குடும்பத்தை ஒரு மாதம் இங்கேதான் வைத்திருந்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். அதற்குப் பிறகு உப்பளத்து மேட்டுக்கே போய்விட்டார்கள்.

அப்போதுதான் உங்கள் ஆபீஸிலிருந்து கஸ்பார் போனுக்குக் கூப்பிட்டார்கள். உங்கள் ஊர் அளவு ஒன்று விசித்திரமாக இருக்கிறது, குமிழைப் பார்க்க ஒரு மேடத்தை அனுப்புகிறோம், தொடாமல் வையுங்கள் என்று. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. நீங்கள் வந்து அளப்பீர்கள், மறுபடி குறைந்திருக்கிறது என்பீர்கள், மறுபடி கோடு போடுவார்கள், இந்தத் தடவை கோடு என் வாசல்மேல் விழும். இன்னொரு மூன்றடி தூக்க என்னிடம் தெம்பும் இல்லை, நகையும் இல்லை. யோசித்து யோசித்துப் பார்த்தேன். கடல் எல்லோருக்கும் பொதுவாகத்தான் கிடக்கிறது. உயரம் குறைகிறது, குறைகிறது என்று பேச்சு வருவது குமிழ் இருக்கிற வீட்டுக்கு மட்டும்தான். குமிழ் இல்லாத வீட்டைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை பேசுகிறார்களா? ஆனால் பெயர்த்து எறிந்துவிட முடியுமா? ஆணை இருக்கிறதே. அதற்கும் ஒரு குறை வரக்கூடாது, எனக்கும் ஒரு குறை வரக்கூடாது.

முகத்தை அப்படி வைத்துக்கொள்ளாதீர்கள் அம்மா, தண்ணீர் குடியுங்கள். ஒன்றும் ஆகிவிடவில்லை, பத்திரமாகத்தான் இருக்கிறது.

சந்தியாகு கொத்தனாரைக் கூப்பிட்டு, சுற்றிலும் கல்லோடு சேர்த்து அலுங்காமல் எடுக்கச் சொன்னேன். கஸ்பாரின் பழைய வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கண்டக்டர் என்ன அது என்றான். கைக்குழந்தை மாதிரி பிடித்திருந்தேன் போலிருக்கிறது, எழுந்து இடம் கொடுத்தார்கள். உப்பளத்துக்கு அந்தப் பக்கம், மேட்டுக் குடியிருப்பு, இரண்டாவது மாடி, ரெஜினாள் வீட்டு வாசல். அவள் முதலில் கதவைத் திறக்கவில்லை. அப்புறம் திறந்தாள். இனிமேல் உன் வீட்டுக்கும் கணக்கு உண்டு, யாரும் உன்னைப் பள்ளம் என்று சொல்ல முடியாது என்று சொல்லி, வாசலுக்கு இடப்பக்கமே பதிக்கவைத்தேன். கடல் அங்கே எட்டிக்கூடப் பார்க்காது. உங்கள் ஆபீஸுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. சிமெண்ட் காய்கிறவரை நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு கீறல் இல்லை. நீங்களே போய்ப் பாருங்கள், சந்தியாகு ரசமட்டம் வைத்துப் பார்த்துத்தான் பதித்திருக்கிறார்.